மூன்று வாஷர்

உத்தமபாளையம்
3 அக்டோபர் 2024

அண்ணனுக்கு மாரீஸ்வரி எழுதுவது.

கடைவீதியில் உங்கள் புத்தகத்தைப் பார்த்தேன். ஐந்நூறு இயற்பியல் கணக்குகள், தீர்வுடன். முதல் பக்கத்தில், பிழை இருந்தால் ஆசிரியருக்கு எழுதலாம் என்று கடமலைக்குண்டு முகவரி போட்டிருந்தது. ஆறு வருடமாக யாரிடம் கேட்டும் கிடைக்காத முகவரி. கடையில் நின்றபடியே கையில் எழுதிக்கொண்டேன்.

சண்டையைப் பற்றி எழுத வரவில்லை. எனக்கு ஒரு கணக்குக்கு விடை வேண்டும்.

ஒரு பாய்லர். அதன் மேல் நீராவி மிஞ்சினால் திறந்துகொள்ளும் வால்வு. வால்வின் ஓட்டை நாற்பது மில்லிமீட்டர். அதை ஒரு ஸ்பிரிங் அழுத்தி மூடியிருக்கிறது. அந்த ஸ்பிரிங்கின் மேல் ஐம்பது கிலோ வைத்தால் பத்து மில்லிமீட்டர் இறங்குகிறது. இப்போது அதை முப்பத்தாறு மில்லிமீட்டர் இறுக்கி வைத்திருக்கிறார்கள். உள்ளே எவ்வளவு அழுத்தம் வந்தால் வால்வு திறக்கும்?

நானும் போட்டுப் பார்த்தேன். பிளஸ் டூ முடித்து முப்பது வருடம் ஆகிறது. என் விடை மேல் எனக்கு நம்பிக்கை இல்லை.

யாருக்காக என்று கேட்காதீர்கள். போனும் வேண்டாம், இந்த வீட்டில் என் போனை எல்லோரும் எடுப்பார்கள். பஞ்சம்மாள் என்று எங்கள் மில் களத்தில் நெல் காயப்போடுகிற அம்மா ஒருத்தி இருக்கிறாள். அவள் பெயருக்கு எழுதினால் என் கைக்கு வந்துவிடும். தயவுசெய்து சீக்கிரம் எழுதுங்கள்.

மாரீஸ்வரி

•

கடமலைக்குண்டு
7 அக்டோபர் 2024

மாரீஸ்வரிக்கு,

எப்போதிலிருந்து 'நீங்கள்'? ரைஸ் மில்காரர் வீட்டுப் பழக்கமா?

சண்டையைப் பற்றி நீ எழுதவில்லை. நான் எழுதுகிறேன். உன் மகள் சடங்குக்குத் தாய்மாமன் சீர் கொண்டு வந்தேன். தேனியிலிருந்து பஸ்ஸில், மடியில் வைத்துக் கொண்டுவந்த தட்டுகள். உன் புருஷன் பாண்டீஸ்வரன் மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு, "வாத்தியார் சீரு டவுன் பஸ்ல வந்துருச்சுப்பா, கண்டக்டருக்கு ஒரு மாலையப் போடுங்க" என்றார். பந்தலே சிரித்தது. நீயும் தலையைக் குனிந்துகொண்டாய். குனிந்து சிரித்தாயா அழுதாயா என்று ஆறு வருடமாக யோசிக்கிறேன். கல்லூரி வேலைக்கான நேர்காணலில் முதலாவதாக வந்து பட்டியலில் மூன்றாவதாக இறங்கியவன் நான். அதையும் பொறுத்துக்கொண்டேன். அந்தச் சிரிப்பைப் பொறுக்க முடியவில்லை.

சரி, உன் கணக்கு. ஸ்பிரிங் மில்லிமீட்டருக்கு ஐந்து கிலோ. முப்பத்தாறு மில்லிமீட்டருக்கு நூற்றெண்பது கிலோ. ஓட்டையின் பரப்பு ஐம்பது சதுர சென்டிமீட்டர் சொச்சம். வகுத்தால், சதுர சென்டிமீட்டருக்கு மூன்று கிலோ அறுநூறு. அதற்கு மேல் போனால் வால்வு திறந்துவிடும். மில் பாய்லர்கள் ஏழு கிலோ வரை தாங்கும். ஆக, பயப்பட ஒன்றுமில்லை. இதைவிடக் கடினமான கணக்கு என் புத்தகத்தில் நூறாவது பக்கத்துக்கு முன்பே வந்துவிடும்.

இது உங்கள் மில் பாய்லர் என்று ஊகிக்க எம்.எஸ்சி. தேவையில்லை. அவரைப் பற்றி எனக்கு அக்கறையும் இல்லை. கேட்டாய், சொன்னேன்.

சுருளிராஜன்

•

உத்தமபாளையம்
10 அக்டோபர் 2024

அண்ணே,

இனி 'நீ' என்றே எழுதுகிறேன். நான் சிரிக்கவில்லை.

உன் கடிதத்தைப் படித்த பிறகு ஒரு வாரமாகச் செரிக்காமல் இருந்த சோறு செரித்தது. எங்கள் பாய்லர்தான். மறைத்ததற்கு மன்னித்துக்கொள்.

ஆடி மாதத்திலிருந்து பிரஷர் காட்டும் மீட்டர் வேலை செய்யவில்லை. முள் நாலிலேயே நிற்கிறது. நெல் அவிக்கும்போதெல்லாம் வால்வு சீறி நீராவியைக் கொட்டியது. பாய்லர் பார்க்கிற சசிதரன், குமுளிப் பக்கத்து ஆள், ஸ்பிரிங்குக்கு மேல் ஆறு மில்லிமீட்டர் கனத்தில் மூன்று வாஷரைப் போட்டு மூடியைத் திருகிவிட்டார். பதினெட்டு மில்லிமீட்டர் இறுகியிருந்தது முப்பத்தாறு ஆனது. அன்றோடு சீறல் நின்றது. வீட்டுக்காரவுகளுக்கு ஒரே சந்தோஷம். "பாரு, எம்புட்டு அமைதியா ஓடுது" என்றாக.

அந்த அமைதிதான் எனக்குப் பயம். அடுப்படியில் நின்றால் பாய்லர் கொட்டகை முப்பதடி தூரம். முன்பு சீறினால் எரிச்சலாக இருக்கும். இப்போது சீறாதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறேன். ஸ்டோரில் அதே அளவு ஸ்பிரிங் ஒன்று கிடந்தது. அதன் மேல் பலகை வைத்து, இரண்டு இருபத்தைந்து கிலோ அரிசிச் சிப்பத்தை ஏற்றி, பஞ்சம்மாளைப் பிடிக்கச் சொல்லி அளந்தேன். "எதுக்குத்தா இந்த வெளையாட்டு?" என்றாள். ஓட்டையை சசிதரன் இல்லாத நேரம் பழைய வால்வில் ஸ்கேல் வைத்து, இந்த விளிம்பிலிருந்து அந்த விளிம்புவரை பார்த்தேன்.

உன் விடையை அவுகளிடம் சொல்லிவிட்டேன். "ஒங்க அண்ணனே சொல்லிருச்சா? அப்பறம் என்ன" என்று அடுத்த ஈட்டிலிருந்து இரண்டு தொட்டி நெல்லை ஒரே நேரத்தில் அவிக்க ஏற்பாடு செய்கிறாக. நாளை ஆயுத பூஜை, மறுநாளும் மில் லீவு. ஞாயிற்றுக்கிழமை தீ மூட்டுவாக.

ஒரே ஒரு இடம் எனக்குப் புரியவில்லை. நீ போட்டபடியே வாஷர் போடுவதற்கு முன்பு இருந்த பதினெட்டு மில்லிமீட்டருக்குப் போட்டேன். ஒன்றே முக்கால் கிலோ வருகிறது. ஆனால் மீட்டர் நன்றாக இருந்த காலத்தில் வால்வு ஏழு கிலோவில்தான் சீறும். பத்து வருடம் என் கண்ணால் பார்த்தது. நான் எங்கே தப்புப் போடுகிறேன்?

மாரி

•

உத்தமபாளையம், மில்லுக்கு எதிர் டீக்கடை
14 அக்டோபர் 2024, பகல் இரண்டு மணி

மாரி,

நீ தப்புப் போடவில்லை. நான்தான் போட்டேன்.

நீ எழுதிய நாற்பது, ஓட்டையின் விட்டம். நான் அதை ஆரமாக எடுத்துக்கொண்டேன். என் புத்தகத்தில் எல்லாக் கணக்கிலும் ஆரத்தைத்தான் கொடுப்பேன். இருபது வருடமாக அந்தப் பழக்கம். கை தானாகப் போட்டது. பரப்பு ஐம்பது அல்ல, பன்னிரண்டரை. உங்கள் வால்வு திறக்க மூன்றரை போதாது. பதினான்கு கிலோ வேண்டும். ஏழு தாங்கும் பாய்லர் பதினான்கு வரை வாயைத் திறக்காமல் இருக்கும்.

விடுமுறையால் உன் கடிதம் இன்று காலைதான் வந்தது. கடைசிப் பத்தியைப் படித்ததும் கணக்கை மறுபடி போட்டேன். உன் நம்பர் என்னிடம் இல்லை. மளிகைக் கடைக்கு ஓடி, உங்கள் மில் அரிசிப் பையில் அச்சடித்திருந்த நம்பரை அழைத்தேன். யாரோ எடுத்து, "மொதலாளி களத்துல இருக்காக" என்று வைத்துவிட்டார்கள். பஸ்ஸில் தேனி வந்து மாறி இங்கே வந்தேன். வழி முழுக்க அவரிடம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். கேட்டில் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

"பாய்லரை நிறுத்துங்க மாப்ளே, வெடிச்சுரும்."

"போன வாரம் நல்லாருக்குன்னீக. இன்னைக்கு வெடிக்குங்கிறீக. எது மச்சான் நெசம்?"

"போன வாரம் போட்டது தப்பு."

"ஆறு வருசமா எம்மில்லு எப்ப விழும்னு காத்துக்கெடந்தீக. விழலைன்னதும் நீங்களே தள்ளிவிட வந்துட்டீகளா? இங்கன ஊறுன நெல்லு மூணு நாளாக் கெடக்கு. போயி ஒங்க புத்தகத்துல எழுதிக்கங்க."

கேட்டைச் சாத்திவிட்டார். அவரைக் குறை சொல்ல என்னால் முடியவில்லை. அந்த மில் விழ வேண்டும் என்று நான் நினைத்ததுண்டு. அது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

உன் போன் அவர் சட்டைப் பையில் இருப்பதாகப் பஞ்சம்மாள் சொன்னாள். டீ குடிக்க வந்தவளிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அடுப்பில் உமி போடுவதை நிறுத்தச் சொல். தண்ணீர் ஊற்றி அணைக்கக் கூடாது. வால்வை யாரும் தொடக் கூடாது. தீ தானாக அடங்க வேண்டும். கொட்டகைப் பக்கம் யாரும் நிற்கக் கூடாது. முக்கியமாக நீ.

புகை கறுப்பாக வந்துகொண்டிருக்கிறது. இங்கிருந்து தெரிகிறது.

சுருளி

•

14ஆம் தேதி, மூன்று மணி

அண்ணே,

சொன்னேன். "இந்த ஈடு மட்டும் முடியட்டும், அப்பறம் பாத்துக்கலாம்" என்கிறாக. சசிதரனும் பயந்துவிட்டார். "முதலாளி பறையாமல் ஞான் நிறுத்த முடியாது சேச்சி" என்று கையைப் பிசைகிறார். பாய்லருக்கு ஆயுத பூஜைக்குப் போட்ட மாலை இன்னும் காயவில்லை. வால்வு மேலே சந்தனமும் குங்குமமும். அதன் கீழே தகடு 'டிக் டிக்' என்று சத்தம் கொடுக்கிறது. முன்பு இந்தச் சத்தம் இருந்ததா என்று நினைவில்லை. பயத்தில் எல்லாமே புதுச் சத்தமாகக் கேட்கிறது.

களத்துப் பெண்களையெல்லாம் ரோட்டுக்கு அனுப்பிவிட்டேன். மகள் தேனிக் கல்லூரியில் இருப்பது நல்லதாகப் போயிற்று.

நான் அடுப்பு வாய்க்கு முன்னால் போய் உட்காரப் போகிறேன். நான் வழியை மறித்தால் உமி தள்ள மாட்டாக. வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

நீ உள்ளே வராதே. உன்னைக் கண்டால் வீம்புக்கே இன்னும் இரண்டு கூடை போடுவாக.

மாரி

•

மூன்றேகால்

மாரி, அங்கே உட்காராதே. கெஞ்சிக் கேட்கிறேன். நீ உட்கார்ந்துதான் தீ அடங்க வேண்டும் என்றால் நான் வந்து உட்காருகிறேன்.

அதற்கு முன் இதைச் செய். மாப்பிள்ளை என் பேச்சை நம்ப மாட்டார். உன் பேச்சையும் நம்ப மாட்டார். ஆனால் அவர் எடை பார்த்து வளர்ந்த மனிதர். கல்லின் மேல் நிற்பதை மட்டும் நம்புவார். நீ அளந்த ஸ்பிரிங்கை அவர் காலடியில் வை. அவர் கையாலேயே இரண்டு சிப்பத்தை ஏற்றச் சொல். எத்தனை மில்லிமீட்டர் இறங்குகிறது என்று அவரே பார்க்கட்டும். பிறகு ஒரே ஒரு கேள்வி கேள்: "இந்த ஓட்டைய மூட, வாஷருக்கு முன்னாடி எத்தன சிப்பம் உட்காந்திருந்துச்சு, இப்ப எத்தன உட்காந்திருக்கு?" மூன்றரைச் சிப்பம் ஏழரை... இல்லை, இரு. முன்பு தொண்ணூறு கிலோ, இப்போது நூற்றெண்பது. அதாவது சரியாக இரண்டு மடங்கு. விட்டம், ஆரம், பரப்பு எதுவும் வேண்டாம். ஏழில் திறந்தது இப்போது பதினான்கில்தான் திறக்கும். இவ்வளவுதான் கணக்கு. இந்த எளிய வழி எனக்குப் போன வாரம் தோன்றவில்லை.

கூடவே அவருக்குத் தனிச் சீட்டு வைத்திருக்கிறேன். சடங்கு வீட்டில் சாப்பிடாமல் போனது என் திமிர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதை மைக்கில் படிக்க வேண்டுமென்றாலும் படிக்கட்டும். உமியை மட்டும் நிறுத்தச் சொல்.

சுருளி

•

உத்தமபாளையம்
17 அக்டோபர் 2024

அண்ணே,

அன்று ஐந்து மணிக்குப் புகை வெளுத்ததை நீ பார்த்திருப்பாய். அப்புறம்தான் பஸ் ஏறினாய் என்று பஞ்சம்மாள் சொன்னாள். உள்ளே நடந்ததை எழுத இத்தனை நாள் ஆயிற்று.

உன் சீட்டை நான் கொடுக்கவில்லை. ஸ்பிரிங்கைத்தான் கொண்டுபோய் வைத்தேன். முதலில் என்னைக் கையைப் பிடித்து இழுத்தாக. நான் அடுப்பு வாயை விட்டு எழவில்லை. முகமெல்லாம் எரிந்தது. "கிறுக்குப் புடிச்சிருச்சா ஒனக்கு?" என்றாக. "ரெண்டு சிப்பத்தத் தூக்கி வச்சுப் பாருங்க, எந்திரிச்சுர்றேன்" என்றேன். எனக்காக இல்லை, என்னை எழுப்புவதற்காகத்தான் தூக்கி வைத்தாக. பத்து மில்லிமீட்டர். இன்னும் இரண்டை ஏற்றினாக. இருபது. அதற்குப் பிறகு யாரும் சொல்லாமலேயே அடுத்ததையும் அடுத்ததையும் ஏற்றினாக. ஏழாவது சிப்பம் வைத்தபோது அடுக்கு நெஞ்சு உயரம் வந்துவிட்டது, சசிதரன் ஒரு பக்கம் அணைத்துப் பிடித்துக்கொண்டிருந்தார். அவுக அந்த அடுக்கைப் பார்த்தாக. வால்வைப் பார்த்தாக. கழுத்து வேர்த்துக் கொட்டியது.

"ஏலே சசி, உமிய நிறுத்துடா" என்றாக.

மறுநாள் ஆறிய பிறகு தேனி மெக்கானிக் வந்து பார்த்தார். அடுப்புக்கு மேல் இருக்கும் தகடு உள்ளங்கை அகலத்துக்குப் பணியாரம் மாதிரி வெளியே உப்பியிருக்கிறது. அவர் அதை விரலால் தட்டிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். "இதுக்கு முன்னாடியா ஒக்காந்திருந்தீக?" என்று என்னைக் கேட்டார்.

ஊறிய நெல் முழுவதும் நாறிப்போய்க் குப்பைக்குப் போனது. அவுக என்னிடம் பேசவில்லை. ஆனால் வருகிறவர்களிடமெல்லாம், "எம்மச்சான் எம்மெஸ்ஸி, கரெக்டா கணக்குப் போட்டு நேருல வந்து தடுத்தாக" என்கிறாக. நானும் திருத்தவில்லை. நான் கண்டுபிடித்தேன் என்றால், தகட்டை ஒட்டவைத்து மறுபடி மூட்டிவிடுவாக. நீ சொன்னது என்றால் கொஞ்சம் பயம் இருக்கும்.

ஆனால் அண்ணே, உன்னிடம் மட்டும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பிளஸ் டூவில் இயற்பியலில் நான் உன்னைவிட முப்பது மார்க் கூட. ஒருத்தரைத்தான் மதுரைக்குப் படிக்க அனுப்ப முடியும் என்று அப்பா சொன்னபோது, எனக்காகப் பேசுகிறேன் என்றாய். நீ பேசவில்லை. உன் ஆறு வருடக் கோபத்தைப் படித்தபோது, என் முப்பது வருடத்தை எங்கே வைப்பது என்று தோன்றியது. அவ்வளவுதான்.

மாரி

•

கடமலைக்குண்டு
21 அக்டோபர் 2024

மாரி,

ஆமாம். பேசவில்லை. பேசியிருந்தால் அப்பா உன்னை அனுப்பியிருப்பார் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் பேசவில்லை. இதை யாரிடமும் சொன்னதில்லை, என்னிடமே சொல்லிக்கொண்டதில்லை. எனக்குக் கிடைக்காத வேலையை எண்ணி இத்தனை வருடம் ஊரையே திட்டினேன். இதை எண்ணாமல் இருக்க அந்தக் கோபம் வசதியாக இருந்தது.

இனி நடந்ததைக் கேள். நேற்று உன் புருஷன் இங்கே வந்தார். தட்டில் பழம், வெற்றிலை, வேட்டி துண்டு. வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, "மச்சான், அன்னைக்குக் கேட்ட சாத்துனது தப்பு. வெள்ளிக்கிழம புதுசா தீ மூட்டுறோம். மொதக் கூடை உமிய நீங்கதான் போடணும்" என்றார். ஆறு வருடமாக நான் கனவு கண்ட காட்சி. உட்காரச் சொல்லிக் காப்பி போட்டேன்.

பிறகு பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். உப்பிய இடத்துக்கு மேல் துண்டுத் தகடு வைத்துப் பற்றவைத்தாயிற்றாம். பாய்லர் இன்ஸ்பெக்டர் வர ஒரு மாதம் ஆகுமாம். அதுவரைக்கும் பாய்லர் நல்ல நிலையில் இருக்கிறது என்று நான் எழுதிக் கொடுத்தால் போதுமாம். "நீங்க ஒரு கையெழுத்துப் போட்டுட்டா ஊருல ஒருத்தன் கேள்வி கேக்க மாட்டான்."

பேனாவைக் கையில் வாங்கிவிட்டேன், மாரி. அதை மறைக்க விரும்பவில்லை. அப்புறம் வைத்துவிட்டேன்.

"நான் போட்டது தப்பான கணக்கு மாப்ளே. அந்தக் கணக்க நம்பித்தான் நீங்க ரெண்டு தொட்டி அவிச்சீக. அதுல தப்பக் கண்டுபுடிச்சது மாரி. ஸ்பிரிங்க அளந்தது, ஓட்டைய அளந்தது, கேள்வி கேட்டது எல்லாம் அவதான். இன்ஸ்பெக்டர் வந்து பாக்காம அந்த அடுப்புல ஒரு பிடி உமி விழக் கூடாது. மீறி விழுந்தா நானே போலீஸ்ல எழுதிக் குடுப்பேன்."

"அவளா?" என்றார். தாளை மடித்தார். காப்பியைத் தொடாமல் எழுந்து போனார். தட்டு இங்கேயே இருக்கிறது.

உன் யோசனையை நான் கெடுத்துவிட்டேனோ என்று இப்போது பயமாக இருக்கிறது. என் பெயர் உனக்கு ஒரு காவலாக இருந்தது. அதை நானே எடுத்துவிட்டேன். என்ன முகத்தோடு வீட்டுக்கு வந்தார் என்று தெரியவில்லை. இந்தக் கடிதம் உன்னிடம் வருவதற்கு இரண்டு நாள் முன்பே அவர் வந்திருப்பார். வெள்ளிக்கிழமை தீ மூட்டினால் நீ அங்கே இருக்காதே. கையில் எதையும் எடுக்காமல் பஸ் ஏறு. என் நம்பர் கீழே இருக்கிறது. நடுச்சாமத்திலும் எடுப்பேன்.

சுருளி

•

உத்தமபாளையம்
25 அக்டோபர் 2024, வெள்ளி

அண்ணே,

போனில் பேசினால் அழுதுவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மாலை வந்தாக. சாப்பிடவில்லை. திங்கள், செவ்வாய் ஒரு வார்த்தை இல்லை. நான் ஒரு பையில் இரண்டு சேலையை எடுத்து வைத்துவிட்டேன். புதன்கிழமை உன் கடிதம் வந்தது. பிறகுதான் அந்த மௌனத்துக்குக் காரணம் தெரிந்தது. பயம் இன்னும் கூடியது. பையைக் கதவுக்குப் பின்னால் நகர்த்தி வைத்தேன்.

இன்று காலை பத்து மணிக்கு நல்ல நேரம் குறித்திருந்தாக. ஒன்பது மணிக்கே நான் செருப்பை மாட்டிவிட்டேன். கொட்டகையில் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். அவுகளும் சசிதரனும் அந்த ஒட்டுத் தகட்டைப் பார்த்தபடி நின்றார்கள். அடுப்பில் உமி இல்லை.

என் பக்கம் திரும்பாமலே கேட்டாக: "இந்த ஒட்டு எத்தன கிலோ தாங்கும்?"

"தெரியாது" என்றேன். "அதுக்கு எனக்குக் கணக்குத் தெரியாது. இன்ஸ்பெக்டருக்குத்தான் தெரியும்."

ஒட்டின் விளிம்பை விரலால் தடவிப் பார்த்தாக. பிறகு சசிதரனிடம், "உமிக் கூடையக் கொட்டகைய விட்டு வெளிய வையிடா" என்றாக. என்னிடம் புது வால்வு ஒன்றைக் கொடுத்தாக. பெட்டிகூடப் பிரிக்கவில்லை. "இன்ஸ்பெக்டர் வர்ற வரைக்கும் மில்லு ஓடாது. அதுக்குள்ள இது சரியானதுதானான்னு நீயே பாத்துச் சொல்லு" என்றாக. குரலில் அன்பெல்லாம் இல்லை. கோபம்தான் இருந்தது. என் முகத்தையும் பார்க்கவில்லை.

ஸ்கேல் வேண்டும் என்றேன்.

அவுகளே உள்ளே போய் எடுத்து வந்தாக.

மாரி